சம்பந்தி வீட்டின் ஜெர்மன் வேர்கள்: ஓமாவின் நினைவிலிருந்து சொந்த ஊர்ப் பதிவேடு வரை

அமெரிக்காவில் பெண் கொடுத்த, பெண் எடுத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று சம்பந்தி வீடு ஜெர்மன் வழிவந்த வீடு. இதில் வியப்பில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் தங்களுக்கு ஜெர்மன் வேர் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய வேர்களில் இதைவிடச் சற்றே கூடுதலாகச் சொல்லப்பட்டது ஆங்கிலேய வேர் மட்டும்தான். ஆனாலும் பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னால், நம் பக்கம் கொள்ளுத்தாத்தா பெயர், பூர்வீக ஊர், குலதெய்வக் கோயில் வரை போகிறது. அந்தப் பக்கம் "ஜெர்மனியிலிருந்து வந்தார்களாம், எந்த ஊர் என்று தெரியவில்லை" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு இரண்டு பக்கமும் சமம்தானே. இந்த வழிகாட்டி அந்த இன்னொரு பக்கத்துக்காக.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஒரு பெயரைத் தட்டினால் மூதாதையர் எல்லோரும் வந்து நிற்கும் மையப் பதிவேடு கிடையாது. எல்லாமே ஊர்வாரியாக, அந்தந்தத் திருச்சபைப் புத்தகத்திலோ பதிவு அலுவலகத்திலோ எழுதப்பட்டவை. அதனால் ஊர்ப் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் அட்லாண்டிக்கைத் தாண்டினால், அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவரை உங்கள் மூதாதையாக எழுதி வைத்துவிடுவீர்கள். இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் இந்தப் பிழை நிறைய உண்டு.

படி 1: முதலில் பெரியவர்களிடம் உட்காருங்கள்

ஆவணம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். தொண்ணூறைத் தொட்ட பாட்டியின் நினைவு அப்படியல்ல. ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் அவரிடம் போங்கள்.

"உங்கள் ஜெர்மன் பாரம்பரியம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. "அப்படி ஒன்றும் இல்லையே, நாங்கள் அமெரிக்கர்கள்தான்" என்பார்கள். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரித்தது 24ஆம் தேதி மாலையிலா, 25ஆம் தேதி காலையிலா? டிசம்பர் 5ஆம் தேதி இரவு, புனித நிக்கோலஸ் வருவார் என்று வாசலில் ஷூவை வைத்துவிட்டுப் படுத்ததுண்டா, காலையில் அதற்குள் என்ன இருந்தது? புத்தாண்டு அன்று பன்றி இறைச்சியும் சவர்க்ரௌட்டும் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) கட்டாயமா? உருளைக்கிழங்கு சாலட் சூடாக வினிகர் ஊற்றிய வகையா, மயோனெய்ஸ் போட்டதா? அம்மா சுட்ட பிஸ்கட்டின் பெயர் என்ன?

இதெல்லாம் வெறும் பேச்சுக்கான கேள்விகள் அல்ல, ஒவ்வொன்றும் ஒரு துப்பு. சோம்பு மணக்கும், செதுக்கிய மரப்பலகையில் அச்சிட்டுச் சுடும் ஸ்பிரிங்கர்லே என்றால் தென்மேற்கு ஜெர்மனியை நினைக்கலாம். வடக்கு டகோட்டாவில் மாவு உருண்டை போட்ட க்னெஃப்லா சூப்பும் கஸ்டர்ட் ஊற்றிய கூகன் என்ற கேக்கும் என்றால் அந்தக் குடும்பம் ஜெர்மனியிலிருந்து நேராக வந்ததே அல்ல, ரஷ்யா வழியாக வந்தது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். சாலடை வினிகரில் செய்வது தெற்கத்திப் பழக்கம், மயோனெய்ஸ் வடக்கத்திப் பழக்கம். இவை நிரூபணம் ஆகா, சமையல் பழக்கம் மருமகள் வழியாகவும் வரும். ஆனால் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

அடுத்து மொழி. "எனக்கு ஜெர்மன் தெரியாது" என்கிற பாட்டிக்கும் சாப்பாட்டு ஜெபம் தெரிந்திருக்கும். "கொம், ஹெர் யேசு, ஸை உன்ஸர் காஸ்ட்" என்று தொடங்கும் அந்தச் சிறிய ஜெபத்தை லூத்தரன் வீடுகளில் நான்காம் தலைமுறையும் சொல்கிறது. அதைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். "ஐன்ஸ், ஸ்வை, டிரை" என்று எண்ணினால் அது பள்ளி ஜெர்மன். "ஏன், ட்வே, ட்ரே" என்று வந்தால் அது பிளாட், வடக்குச் சமவெளியின் பேச்சு. "நான்" என்பதற்கு "இக்" என்கிறாரா "இஷ்" என்கிறாரா என்று கவனியுங்கள். மில்வாக்கிக்கு வடக்கே ஃப்ரைஷ்டட் என்ற ஊரை 1839இல் உருவாக்கியவர்கள் பால்டிக் கடலோரப் பொமரேனியாவிலிருந்து வந்த 'பழைய லூத்தரன்கள்' என்ற சபைப் பிரிவினர். அந்த வட்டாரத்தில் பிளாட் நெடுங்காலம் வீட்டுப் பேச்சாக இருந்தது. டெக்சாஸ் ஜெர்மன் என்றே ஒரு பேச்சு உண்டு. அதைப் பேசும் முதியவர்களின் குரலை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2001 முதல் பதிவு செய்து வருகிறது.

பதிவு செய்ய ஃபோன் போதும். அதை ஒரு மடித்த துணிமேல் வையுங்கள், மேசையின் அதிர்வு குறையும். சுவர்க் கடிகாரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் விட்டுத் தள்ளி உட்காருங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு உட்காராமல் பழைய ஆல்பத்தை மடியில் விரித்துக்கொண்டு பேசினால் பேச்சு தானாக ஓடும். முடிந்தால் அண்ணன் தங்கை இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார், அந்த மறுப்பில்தான் விவரம் வெளிவரும். நடுவில் திருத்தாதீர்கள். குடும்பம் அவரை ஓமா (ஜெர்மனில் பாட்டி) என்று கூப்பிட்டால் நீங்களும் ஓமா என்றே கூப்பிடுங்கள். பதிவை யாருக்கெல்லாம் பகிரலாம் என்று அவரிடமே கேட்டு, அந்த பதிலையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 2: பேசாமல் விட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்

இத்தனை கோடிப் பேர் இருந்தும் ஜெர்மன் மொழி ஏன் அமெரிக்க வீடுகளில் காணாமல் போனது? பல குடும்பங்களில் பதில் 1917, 1918 என்ற இரண்டு வருடங்களில் இருக்கிறது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஜெர்மன் பேசுவதே தேசத் துரோகம் போலப் பார்க்கப்பட்டது. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார்: பள்ளியிலும், பொது இடத்திலும், ரயிலிலும், தொலைபேசியிலும், கோயில் ஆராதனையிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. ஆங்கிலம் தெரியாத கிழவிக்குத் தன் தேவாலயத்திலேயே பிரசங்கம் புரியாமல் போயிற்று. அதற்கு முந்தைய மாதம் இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மன் குடியேறியை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் விடுதலையானார்கள். நெப்ராஸ்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊர் கார்லண்ட் ஆனது, அயோவாவின் பெர்லின் லிங்கன் ஆனது, சின்சினாட்டியில் தெருப்பெயர்கள் மாறின. ஒரு சிறுவனுக்கு ஜெர்மனில் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததற்காக நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1923இல் அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஆனால் அதற்குள் பெற்றோர்கள் பிள்ளைகளிடம் ஜெர்மன் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் சம்பந்தி வீட்டில் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றால் அது பெரும்பாலும் அக்கறையின்மை அல்ல. அவர்களுடைய தாத்தா பாட்டி பயந்து மூடிவைத்த ஒன்று. அந்தப் பயத்தையும் குடும்ப வரலாறாக எழுத வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சர்ச்சில் ஜெர்மன் ஆராதனை எந்த வருடம் நின்றது? பெயரின் எழுத்து எப்போது மாறியது? யார் வீட்டில் புத்தகங்களை எரித்தார்கள் அல்லது பரணில் ஒளித்தார்கள்? சபைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் மொழி மாறிய பக்கத்தைத் தேடிப் பாருங்கள், பல சபைகளில் தேதியோடு கிடைக்கும். கல்லறைத் தோட்டத்தில் ஒரு நடை நடந்தாலும் தெரியும். "ஹியர் ரூட் இன் காட்" என்று தொடங்கும் கற்கள் ஒரு காலம்வரை வரிசையாக வரும், அப்புறம் பக்கத்துக் கல்லிலேயே அதே குடும்பப் பெயரோடு ஆங்கிலம் தொடங்கிவிடும்.

அந்தப் போரின்போது குடியுரிமை பெறாத ஜெர்மானியர்கள் 'எதிரி நாட்டவர்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். கணவர் குடியுரிமை பெறாதவர் என்றால் அமெரிக்காவில் பிறந்த மனைவிக்கும் அதே கதி. புகைப்படமும் கைரேகையும் உள்ள அந்தப் படிவங்கள் எல்லா இடத்திலும் தப்பவில்லை. கான்சஸ் மாநிலத்தவை தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இரண்டாம் உலகப் போர்க் காலம் இன்னும் கடினமான பேச்சு. ஏறத்தாழ 11,000 ஜெர்மன் வழியினர் அமெரிக்காவில் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். டெக்சாஸின் கிறிஸ்டல் சிட்டி முகாமில் குழந்தைகளும் இருந்தார்கள். இன்னொரு பக்கம், ஊரில் இருந்த சித்தப்பாவோ பெரியப்பாவோ நாஜிக் கட்சியில் இருந்த செய்தி ஒரு கடிதத்தில் தென்படலாம். மறைக்கவும் வேண்டாம், கேட்டவுடன் அவர்கள்மேல் பாயவும் வேண்டாம். தேதியோடு எழுதி வையுங்கள்.

குடும்பம் ஜெர்மன் யூதக் குடும்பம் என்றால் தேடும் வழியே வேறு. நியூயார்க்கில் 1955இல் தொடங்கப்பட்ட லியோ பேக் நிறுவனம் அவர்களுடைய குடும்பக் காகிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் பாதுகாத்து, இணையத்திலும் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் உள்ள ஆரோல்சன் காப்பகத்தில் நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் ஆவணங்கள் கிடைக்கும். அங்கே கிடைப்பது பல நேரம் ஒரு நாடுகடத்தல் பட்டியலின் வரியாக இருக்கும். பெரியவர்களுக்கு அதைக் காட்டுமுன் பார்க்க விரும்புகிறார்களா என்று கேளுங்கள்.

படி 3: பரணையும் பெட்டியையும் திறங்கள்

குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களைப் பாருங்கள், பிறப்பும் திருமணமும் இறப்பும் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், படைப்பணி விடுவிப்புத் தாள், ஜெர்மன் பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாரோ எழுதிய பெயர் எல்லாமே துப்புதான். பென்சில்வேனியாக் குடும்பம் என்றால் பறவையும் பூவும் வரைந்த வண்ண ஞானஸ்நானத் தாள் இருக்கலாம். கத்தோலிக்க பவேரியக் குடும்பம் என்றால் ஜெபப் புத்தகத்துக்குள் இறந்தவர் நினைவு அட்டைகள் செருகியிருக்கும். படத்தோடு ஊர்ப் பெயரும் அதில் இருக்கும்.

பழைய அட்டைப் புகைப்படத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்கள் பின்பக்கத்தில் தங்கள் பெயரையும் ஊரையும் அழகாக அச்சடித்தன. முன்பக்கத்தில் இருக்கும் மீசைக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் பின்பக்கத்தில் 'ஓஸ்னாப்ரூக்' என்று அச்சிட்டிருந்தால், அந்த நகரத்துக்கு நடந்தோ வண்டியிலோ போகக்கூடிய தூரத்தில் இருந்த கிராமங்களில்தான் தேட வேண்டும் என்று எல்லை சுருங்கிவிடுகிறது.

ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள், உறையையும் அஞ்சல் முத்திரையையும் சேர்த்து. லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், செல்லோடேப் வேண்டாம். படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால் மெல்லிய பென்சில்தான்.

படி 4: எந்த அலையில் வந்தவர்கள் என்று பாருங்கள்

கிரேஃபெல்ட் என்ற ஜெர்மன் நகரத்திலிருந்து வந்த 13 குடும்பங்கள் 1683இல் பிலடெல்ஃபியா அருகே ஜெர்மன்டவுனில் குடியேறியதுதான் தொடக்கம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் ரைன் கரையிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தவர்களின் வழியினரைத்தான் பென்சில்வேனியா டச்சு என்கிறார்கள். டச்சு என்றாலும் அவர்கள் ஹாலந்துக்காரர்கள் அல்லர். 1840களில் டெக்சாஸில் நியூ பிரான்ஃபெல்ஸும் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்கும் உருவாயின. ஜெர்மன் நாடுகளில் 1848 புரட்சி தோற்றபின் வந்த படித்த கூட்டத்தில், பின்னாளில் அமெரிக்க செனட்டரான கார்ல் ஷூர்ஸ் இருந்தார். அவர் மனைவி மார்கரெட்டே 1856இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் தொடங்கியதுதான் அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்ட்டன். ஆனால் மிகப் பெரிய கூட்டம் 1880களில் வந்தது, அந்தப் பத்து வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகளும் சிறு விவசாயிகளும்.

ரஷ்ய ஜெர்மானியர் தனிக் கதை. பேரரசி கேத்தரின் 1763இல் அழைத்ததன்பேரில் வோல்கா கரையிலும், பின்னர் வந்த மன்னர் காலத்தில் கருங்கடல் பக்கத்திலும் குடியேறினார்கள். 1870களில் சலுகைகள் பறிபோய்க் கட்டாயப் படைச்சேவை வந்ததும் அங்கிருந்து கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா என்று கிளம்பினார்கள். அமெரிக்க ஆவணத்தில் 'ரஷ்யா' என்றும், மொழி 'ஜெர்மன்' என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், அவர்கள் இவர்கள்தான். நெப்ராஸ்காவின் லிங்கனில் அவர்களுக்கென்றே ஒரு வரலாற்றுச் சங்கம் உண்டு. ஃபார்கோவில் வடக்கு டகோட்டா அரசுப் பல்கலைக்கழகமும் தனித் தொகுப்பு வைத்திருக்கிறது.

படி 5: ஊர்ப் பெயரை அமெரிக்காவிலேயே தேடுங்கள்

பொறுமை வேண்டிய படி இது.

கணக்கெடுப்புத் தாள்களைப் பின்னோக்கிப் படியுங்கள். 72 வருடம் கழித்தே வெளியிடுவார்கள் என்பதால் இப்போது 1950 வரை பார்க்கலாம். 1900ஆம் ஆண்டுத் தாளில் குடியேறிய வருடம் இருக்கும், 1920இல் குடியுரிமை பெற்ற வருடமும் தாய்மொழியும் இருக்கும். 1890ஆம் ஆண்டுத் தாள்களைத் தேடி நேரம் செலவிடாதீர்கள். 1921 தீ விபத்துக்குப்பின் அவற்றில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய தாள்களில் 'பிரஷ்யா', 'பேடன்', 'மெக்லன்பர்க்' என்று எழுதியிருப்பார்கள். 1871 வரை ஜெர்மனி என்று ஒரே நாடு இல்லை. 'பிரஷ்யா' என்றால் ரைன் நதியிலிருந்து இன்றைய ரஷ்ய எல்லை வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 'மெக்லன்பர்க்' என்றால் தேடும் பரப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

குடியுரிமைக் காகிதத்தில் 1906 செப்டம்பர் 27 ஒரு கோடு. அதற்குப் பிந்தைய படிவங்களில் பிறந்த ஊர், தேதி, கப்பல் எல்லாம் இருக்கும். முந்தையவற்றில் பெரும்பாலும் இன்ன மன்னருக்கு விசுவாசத்தைத் துறக்கிறேன் என்பதோடு சரி. ஆனால் மன்னர் பெயரே நாட்டைச் சொல்லிவிடும்.

என் அனுபவத்தில் ஊர்ப் பெயர் கிடைக்க மிக நல்ல இடம் அமெரிக்காவில் அவர்கள் கட்டிய சர்ச்சின் பதிவேடு. அரசு எழுத்தர் 'ஜெர்மனி' என்று எழுதிவிட்டு நகர்ந்த இடத்தில், ஜெர்மன் பாதிரியார் கிராமத்தின் பெயரை எழுதினார், அவருக்கு அந்த ஊர்கள் தெரியும். திருமணப் பதிவையும் அடக்கப் பதிவையும் கேளுங்கள். மூதாதையுடையது மட்டும் போதாது, அவருடைய அண்ணன் தம்பி, ஞானப் பெற்றோர், பக்கத்துப் பண்ணைக்காரர் எல்லோருடையதையும் பாருங்கள். ஒரே கிராமத்தார் கூட்டமாக வந்து ஒரே சர்ச்சைச் சுற்றிக் குடியிருந்தார்கள். உங்கள் ஆளின் பதிவில் ஊர் இல்லாவிட்டாலும் மைத்துனர் பதிவில் இருக்கும்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்க் படித்த ஹாலே நகரத்திலிருந்துதான், 1742இல் ஹைன்ரிக் மெல்கியோர் மூலன்பெர்க் என்ற பாதிரியார் பென்சில்வேனியா லூத்தரன்களிடம் அனுப்பப்பட்டார். ஹாலேயின் ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் நம் ஓலைச் சுவடிகளும் இருக்கின்றன, பென்சில்வேனியாவிலிருந்து போன கடிதங்களும் இருக்கின்றன.

ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். அமெரிக்காவில் அவை நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. 1834இல் தொடங்கிய நியூயார்க்கர் ஷ்டாட்ஸ்சைட்டுங் நாளிதழாகவே நடந்தது. ஆங்கிலப் பத்திரிகை இரண்டு வரியில் முடித்த மரணச் செய்தி, ஜெர்மன் பத்திரிகையில் பிறந்த கிராமம், கப்பலேறிய வருடம் என்று விரிந்திருக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா' தளத்தில் பல பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம்.

படி 6: பெயர் எப்படியெல்லாம் மாறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முல்லர் மில்லர் ஆவதும், ஷ்மிட் ஸ்மித் ஆவதும், சிம்மர்மன் கார்ப்பென்டர் ஆவதும் எல்லோரும் அறிந்தது. ஐசன்ஹவர் குடும்பம் முன்பு ஐசன்ஹவுவர், பியானோ செய்த ஸ்டைன்வே குடும்பம் முன்பு ஷ்டைன்வேக். எழுத்தை நம்பாமல் ஒலியை நம்புங்கள். ஜெர்மன் 'வி' 'எஃப்' ஆகக் கேட்கும், B-யும் P-யும் தெற்கத்திய வாயில் ஒன்றாகிவிடும்.

முதற்பெயரில் இன்னொரு சிக்கல். ஒரே வீட்டில் எல்லா மகன்களும் யோஹான் என்று தொடங்குவார்கள்: யோஹான் ஹைன்ரிக், யோஹான் பீட்டர், யோஹான் யாகோப். கூப்பிடும் பெயர் பெரும்பாலும் இரண்டாவது பெயர். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். எனவே பிறப்புப் பதிவு கிடைத்ததும் துள்ளாமல் இறப்புப் பதிவையும் பாருங்கள்.

வடமேற்கில் வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பண்ணை வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளை பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார், தன் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிடுவார். ஈஸ்ட் ஃப்ரீசியாவில் நம் இனிஷியல் போலவே தந்தை பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1811இல் நெப்போலியன் ஆட்சி நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய பிறகும் பழக்கம் உடனே போகவில்லை.

படி 7: கப்பல்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் இருக்கிறது, அதில் பயணியின் சொந்த ஊரும் இருக்கும். பிரேமன் பட்டியல்களில் பழையவை இடமில்லை என்று அழிக்கப்பட்டன. மிச்சத்தில் பெரும்பகுதி போரில் போயிற்று. 1920 முதல் 1939 வரையிலானவை மட்டும் ஓரளவு உண்டு. நியூயார்க்கில் 1855 முதல் 1890 வரை இறங்கியவர்கள் காஸில் கார்டன் என்ற குடியேறிகள் நிலையத்தில் இறங்கினார்கள். பின்வந்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1இல்தான். 1880களில் வந்த தாத்தா எல்லிஸ் தீவு வழியாக வந்தார் என்று குடும்பம் சொன்னால் அது பின்னால் ஒட்டிக்கொண்ட செய்தி.

படி 8: ஊரை வரைபடத்தில் பிடியுங்கள்

'நாய்ஷ்டட்' என்று கிடைத்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள், அந்தப் பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டு. மேயர்ஸ் என்ற 1912ஆம் ஆண்டு ஊர்ப்பெயர் அகராதி இப்போது இணையத்தில் இலவசம். ஜெர்மன் பேரரசுக் கால ஊர்களையும், எந்த ஊருக்கு எந்தத் திருச்சபை, எந்தப் பதிவு அலுவலகம் என்பதையும் அதில் பார்க்கலாம். கிழக்குப் பகுதிகள் இன்று போலந்தில் இருக்கின்றன: ஷ்டெட்டின் இன்று ஷ்செச்சின், பிரெஸ்லாவ் இன்று வ்ரோட்ஸ்வாவ். அங்கே போலந்து அரசுக் காப்பகங்களின் இணையத் தேடலைப் பயன்படுத்துங்கள். இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் என்றால் பிரெஞ்சு மாவட்டக் காப்பகங்கள் படங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன.

படி 9: திருச்சபைப் புத்தகத்தைத் திறங்கள்

அரசுப் பதிவு பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், பேரரசு முழுவதும் 1876 ஜனவரியிலும் தொடங்கியது. ரைன் நதியின் இடக்கரையில் மட்டும் பிரெஞ்சு ஆட்சியால் 1798 முதலே உண்டு. பிறப்புப் பதிவு 110 வருடம், திருமணம் 80, இறப்பு 30 வருடம் கழித்தே பொதுவில் திறக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபைப் புத்தகம்தான். புராட்டஸ்டன்ட் புத்தகங்கள் பல ஆர்கியோன் தளத்தில் கட்டணத்துக்கு, கத்தோலிக்கப் புத்தகங்கள் பல மட்ரிகுலா தளத்தில் இலவசமாக. ஃபேமிலிசர்ச் தளத்தில் இரண்டும் ஓரளவு கிடைக்கும், கணக்கு தொடங்க காசு இல்லை.

திறந்ததும் முதல் அதிர்ச்சி கையெழுத்து. குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் எழுத்தில் 'இ' (e) பார்ப்பதற்கு 'என்' (n) போலவே இருக்கும். 'யு'வுக்கு மேல் ஒரு சின்ன வளைவு போடுவார்கள், அது இருந்தால்தான் 'யு', இல்லையென்றால் 'என்'. 'எஸ்' நீளமாக 'எஃப்' போல நிற்கும். 'எச்' மேலும் கீழும் சுழி போடும். படிக்கத் தெரிந்துகொள்ள நல்ல வழி, தெரிந்த பெயர்களிலிருந்து தொடங்குவது. 'மரியா', 'அன்னா', 'யோஹான்' மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வரும். அவற்றில் அந்தப் பாதிரியார் எழுத்தை எப்படிப் போடுகிறார் என்று தனித்தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாதிரியாருக்கும் புதுத் தாள். கையெழுத்தைப் படித்துத் தரும் டிரான்ஸ்க்ரிபஸ் என்ற மென்பொருள் உதவும், ஆனால் ஊர்ப் பெயரிலும் குடும்பப் பெயரிலும் அது தடுமாறும். நீங்களே பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

ஞானஸ்நானப் பதிவின் வரிசை பொதுவாக இப்படி வரும்: பிறந்த நாள், ஞானஸ்நான நாள், குழந்தை பெயர், தந்தை பெயரும் தொழிலும், தாயின் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும், கடைசியில் ஞானப் பெற்றோர். தந்தை 'டாக்லோனர்' என்றால் தினக்கூலி. குழந்தை பெயருக்கு அருகில் சிறிய சிலுவைக் குறி இருந்தால் அது பின்னர் இறந்துவிட்டது. தேதியில் ஒரு பொறி உண்டு: '7பர்' என்று எழுதியிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ஏழு என்ற பொருளில் எழுதியது. அப்படியே 8பர் அக்டோபர், 9பர் நவம்பர், 10பர் டிசம்பர். ஞானப் பெற்றோர் பெயரைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் அத்தையோ மாமாவோதான். அமெரிக்காவில் பக்கத்துப் பண்ணையில் பார்த்த அதே பெயர் இங்கே ஞானத்தந்தையாக நின்றால், சரியான குடும்பத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று நம்பலாம்.

படி 10: குடும்பக் கதைகளைச் சோதியுங்கள், தூக்கி எறியாதீர்கள்

"எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அங்கே யாரும் பெயர் எழுதவில்லை. ஐரோப்பாவில் கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைப் பெரும்பாலும் குடும்பமே பின்னாளில் மாற்றிக்கொண்டது, அதற்கான காரணம் 2ஆம் படியில் இருக்கலாம். "ஒரே ஒரு ஓட்டில் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போயிற்று" என்பதும் கட்டுக்கதை. அமெரிக்கக் கீழவையின் முதல் சபாநாயகரும் மேலே சொன்ன மூலன்பெர்க் பாதிரியாரின் மகனுமான ஃபிரெடரிக் மூலன்பெர்க்கின் பெயரை இதில் இழுத்துச் சொல்வார்கள், ஆனால் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் கண்ணாடி வெள்ளரிக்காயை ஒளித்துவைப்பது பழைய ஜெர்மன் வழக்கம் என்பார்கள், ஜெர்மனியில் கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஓமாவின் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டாம். கதையைக் கதையாக, யார் சொன்னார் என்ற குறிப்போடு எழுதுங்கள். ஆவணம் சொல்வதைத் தனியாக எழுதுங்கள். வெள்ளரிக்காயை அந்த வீட்டில் நான்கு தலைமுறை ஒளித்துவைத்திருந்தால் அது அந்த வீட்டின் உண்மையான மரபு, அமெரிக்காவில் பிறந்திருந்தாலும்.

மரபணுச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. அது ஊரைச் சொல்லாது. ஜெர்மனியில் சோதிப்பவர்கள் குறைவு என்பதால் பொருந்துகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க உறவினர்களாகவே இருப்பார்கள். அவர்களில் யாரிடமாவது பைபிள் இருக்கிறதா என்று கேட்கப் பயன்படும்.

படி 11: ஊருக்குக் கடிதம் எழுதுங்கள்

ஊர் உறுதியானதும் அங்கே ஹைமாட்ஃபெரைன் எனப்படும் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் இருக்கிறதா என்று தேடுங்கள், சின்ன ஊர்களிலும் பெரும்பாலும் இருக்கும். ஜெர்மனில் அரைப்பக்கம் போதும்: யார் பெயர், எந்த வருடம் கிளம்பினார், பெற்றோர் பெயர், எந்தப் பதிவில் பார்த்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். குடும்ப மரம் முழுவதையும் கொட்டாதீர்கள், ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி.

கேட்பதோடு கொடுக்கவும் வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குக் கிளம்பிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பல வேளை தெரியாது. இங்கிருந்து போன கடிதங்கள் அங்கே எந்தப் பரணிலாவது இருக்கலாம், அங்கிருந்து வந்தவை உங்கள் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் இருக்கும். அப்படிப்பட்ட கடிதங்களை ஆயிரக்கணக்கில் கோதா நகரத்து ஆய்வு நூலகம் சேர்த்துவைத்திருக்கிறது, புதியவற்றின் பிரதிகளுக்கும் அங்கே மதிப்புண்டு. ஆகவே சங்கத்துக்கு எழுதும் முதல் கடிதத்தோடு பண்ணை வீட்டின் ஒரு படத்தையும், கல்லறைக் கல்லின் ஒரு படத்தையும், பெயர் தேதி இடம் குறித்து இணையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியும் முகவரியும் மட்டும் அதில் வேண்டாம். பதில் வந்தால் அதையும் ஓமாவின் குரல் பதிவு இருக்கும் அதே கோப்புறையில் போட்டு, ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி சம்பந்தி வீட்டில், இன்னொன்று அவர்கள் மாவட்டத்து வரலாற்றுச் சங்கத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.